நாலென்று காட்டிய பெட்டி

"பெட்டி இந்த வாசலைத் தாண்டாது! ஆரு வந்து கேட்டாலும் தாண்டாது!"

"இஞ்ச வெச்சு நான் என்னெண்டு பாக்கிற? ஸ்க்ரீனைப் பாக்காம கையால தடவிப் பாத்தா நோவு சொல்லுமா?"

"ஸ்க்ரீனைப் பாத்தா அதுக்குள்ள அம்பது பொண்டுகள் முக்காடில்லாம இரிக்காங்க. நான் அவங்களுக்கு என்ன வாக்குக் குடுத்துப் படம் எடுத்த? மத்த ஆம்புளைகள் பாக்க மாட்டாங்க, என்ட மாப்புள மட்டும் பாப்பார் எண்டா?"

"நான் பாக்கப்போறது படத்தை இல்ல றுஸ்தா, டிஸ்க்கை!"

"டிஸ்க்குக்குள்ளதானே படம்!"

"மெல்லக் கதைங்க ரெண்டு பேரும். மதிலுக்கு அங்கால ஊரே நிக்கிது" என்றார் நடுவில் நின்ற றுஸ்தாவின் உம்மா முனவ்வறா.

ஊர் நிற்கத்தான் செய்தது. மருதமுனையில் அந்த ஒழுங்கைப் பொண்டுகளுக்கு அன்றைக்கு அஸர் தொழுத கையோடு முற்றம் கூட்டுகிற வேலை வந்துவிட்டது. கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினதில் மண்ணில் பள்ளம் விழாததுதான் மிச்சம். பேசி முடித்த மாப்பிள்ளையும் பொண்ணும் காவின் எழுதி நிக்காஹ் முடிக்க முதலே சண்டை பிடிக்கிறதை இலவசமாகக் கேட்கிற வாய்ப்பு தினமும் வருமா?

சத்தத்தைத் தொடங்கினவள் றுஸ்தா, முனவ்வறாவின் ஒரே மகள். பதில் சத்தம் போட்டவன் ஷிப்லி, கல்முனை பசாரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறவர்களின் கடைசி மகன். பெட்டி என்றது, அவன் தன் கையாலே சாமான் சாமானாக வாங்கிப் பொருத்தி அவளுக்குக் கொடுத்த கம்ப்யூட்டர்.

றுஸ்தாவின் தொழிலைச் சொன்னால்தான் இந்தச் சண்டை விளங்கும். நம்ம பக்கத்துக் கலியாணங்களில் ஆம்புளைகள் பக்கத்துக்கு எத்தனையோ கெமராக்காரன்கள். பொண்டுகள் பக்கத்துக்குள்ளே ஒருத்தனும் தலை நீட்ட ஏலாது. அங்கே பொண்ணு உட்கார்ந்திருக்கிறதும், சாச்சிமார் குரவை போடுகிறதும், பெரியம்மாமார் வெட்கம் கெட்டுக் கைகொட்டிப் பாடுகிறதும் ஒரு காலமும் படத்தில் வந்ததில்லை. வாப்பா மௌத்தாகி, வீட்டில் உழைக்க ஆளில்லாமல் போன பிறகு றுஸ்தா ஒரு பழைய வீடியோ கெமராவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்தாள். தனியாளாய் எடுப்பாள், கதவைச் சாத்திக்கொண்டு தனியாளாய் வெட்டி ஒட்டுவாள், டீவீடியாக்கிப் பொண்ணின் உம்மாக்காரி கையிலேயே கொடுப்பாள், பிறகு பெட்டியில் இருக்கிறதை அழித்துவிடுவாள். எந்த ஆம்புளையின் கண்ணும் படாது என்றது அவள் சொல். அந்தச் சொல்லை நம்பித்தான் கல்முனைக்குடியில் இருந்து நற்பிட்டிமுனை வரைக்கும் அவளைக் கூப்பிட்டார்கள். பெட்டியைச் செய்து கொடுத்த ஷிப்லிகூட, அது அவள் வீட்டுக்குள் போன நாளில் இருந்து அதன் முன்னால் உட்கார்ந்ததில்லை.

இப்போது அந்தப் பெட்டிக்குள்ளே கெட்டுக் கிடந்தது சரீப் ஹாஜியாரின் மகள் றிபாவின் கலியாணம். அதுவும் சும்மா கலியாணமில்லை. ஹாஜியாரின் பொஞ்சாதி படத்துக்கு முகம் காட்டாத மனுசி. அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு படத்தைத் தவிர உலகத்தில் அவருக்குப் படமே கிடையாது. அந்த மனுசி வருத்தத்தில் விழுந்து கட்டிலோடு கிடந்தவர், மகளின் கலியாணத்தன்று தன்னைத் தூக்கி நிமிர்த்தச் சொல்லி, பட்டுச் சாரி உடுத்தி, றிபாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து, "றுஸ்தா, இண்டைக்கு என்னையும் எடு மகள்" என்றாராம். அந்த மாதமே மௌத்தாகிவிட்டார். றிபா மாப்பிள்ளையோடு கட்டாருக்குப் போக இருந்தாள். போகமுதல் உம்மாவின் அந்தப் படம் வேண்டும் என்று ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள். றுஸ்தா பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். பாதிக் கோப்புகளைக் காணோம், இருக்கிற பாதியும் பச்சைச் சதுரமாய்ச் சிதறி ஓடுகிறது. கெமராவில் இருந்ததை அவள் அடுத்த கலியாணத்துக்கு எப்போதோ அழித்துவிட்டாள்.

"நான் வீட்ட கொண்டுபோய்த் திருத்திட்டுக் கொண்டாறன். பாக்க மாட்டன். அல்லாஹ் மேல சத்தியம்" என்றான் ஷிப்லி.

"நீங்க பாக்க மாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

மதிலுக்கு அப்பால் விளக்குமாறுகள் ஒரு கணம் நின்று, பிறகு கூடுதல் சுறுசுறுப்பாக ஓடின.

ஷிப்லி அந்த நேரம் பதறினது படத்தை நினைத்து மட்டும் இல்லை. பெட்டிக்கு என்ன நோய் என்று அவனுக்குத் தெரியும். அது முதல் தரம் பழுதாகி நின்ற நாளிலிருந்தே தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒருத்தருக்கும் தெரியாமல் அதைச் சரிக்கட்டிவிடலாம். இங்கே வைத்துத் திருத்தினால் றுஸ்தாவுக்குத் தெரிய வரும். தெரிந்தால் அவள் தன்னை வேண்டாமென்பாள் என்ற பயம்தான் அவன் தொண்டையில் சத்தமாக வந்துகொண்டிருந்தது.

எப்படித் தெரியும் என்றால், கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்லவேண்டும்.

சண்டை முடிந்து, அதாவது நாட்டுச் சண்டை முடிந்து, இரண்டாம் வருஷம். ஷிப்லியிடம் ஒரு பழக்கம் இருந்தது: ஆராயாமல் ஒரு ஊசியும் வாங்கமாட்டான். உம்மாவுக்கு ரைஸ் குக்கர் வாங்க மூன்று வாரம் படித்தவன். பெயின்ட் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, இன்டர்நெட் டொங்கிளைச் செருகிய பழைய லெப்டொப்பில் எந்த நாட்டுக்காரனோ எழுதினதையெல்லாம் வாசிப்பான். வெள்ளை டிஸ்டெம்பர் கேட்டு வந்தவனுக்கு நீலத்தைக் கட்டிக் கொடுப்பான். ஆனாலும் கல்முனையில் ஃப்ரிஜ்ஜோ டீவியோ வாங்கப் போகிறவர்கள் "ஷிப்லிட்டக் கேட்டியா?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்கிற அளவுக்கு அவன் பெயர் நின்றது. ஷிப்லி சொன்னால் பிழைக்காது.

அப்பேர்ப்பட்டவன் பொண்ணை மட்டும் ஒரே பார்வையில் முடிவு செய்தான். சொந்தக்காரக் கலியாணமொன்றில் ஓட்டோவில் இருந்து கெமராக் காலைத் தூக்கிக்கொண்டு இறங்கினவள், "காக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இது பொண்டுகள் பக்கம்" என்று அண்ணன் முறை வைத்து அவனை விரட்டினாள். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொல்லிவிட்டான். "ரைஸ் குக்கருக்கு மூணு வாரம், பொஞ்சாதிக்கு மூணு நொடி" என்று நம்ம ஆட்கள் சிரித்தார்கள்.

நம்ம பக்கத்து வழக்கம் தெரியும்தானே. பொண்ணு வீட்டார் வீடு கட்டிக் கொடுக்கவேண்டும், மாப்பிள்ளை வந்து குடியேறவேண்டும். முனவ்வறா தனிப் பொம்புளை. றுஸ்தா கலியாணம் கலியாணமாய் எடுத்த படக்காசில்தான் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் புது வீட்டின் சுவர் ஒவ்வொரு வரியாய் ஏறியது. அதைப் பார்க்கிற நேரமெல்லாம் ஷிப்லி கூசிப்போவான். தானும் ஒன்று கொடுக்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை. "மாப்புள வீட்டார் என்னத்துக்குக் குடுக்கிற? குடுக்கிறது அவங்கட வேலை" என்று உம்மா முகத்தைச் சுளித்தார். றுஸ்தாவின் பழைய கம்ப்யூட்டர் ஒரு கலியாணத்தை வெட்டி ஒட்ட ஒரு கிழமை எடுக்கும். அதனால் அவன் உம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பெட்டி செய்து கொடுக்க முடிவெடுத்தான்.

பிறகென்ன, படிப்புத்தான். எந்த போர்ட், எந்த ரெம், எந்த பவர் சப்ளை என்று நான்கு மாதம் வாசித்தான். படம் வெட்டுகிற வேலைக்கு நாலு கோர், அதாவது நாலு மூளை, உள்ள ப்ரொசெசர் வேண்டும். அவன் கைக்கு எட்டினது இரண்டு கோர்தான். அப்போதுதான் ஒரு இடத்தில் வாசித்தான்: சில ப்ரொசெசர்களைக் கம்பெனி நாலு கோராகவே செய்கிறது, ஏதாவது ஒன்று பிசகினால், சில வேளை ஒன்றும் பிசகாமலேகூட, இரண்டை அணைத்துவிட்டு இரண்டு கோர் என்று மலிவாக விற்கிறது. நாலறை வீட்டில் இரண்டு அறையைச் சாத்திவிட்டு வாடகைக்கு விடுகிற மாதிரி. சில மதர்போர்டுகளில் ஒரு செட்டிங் இருக்கிறது, அதை மாற்றினால் அந்த இரண்டு அறையும் திறக்கும். உள்ளே கூரை ஒழுகுகிறதா இல்லையா என்பது திறந்து பார்க்கிறவனின் நசீபு, அவன் தலையெழுத்து.

கொழும்புக்கு லொறி ஓட்டுகிற கூட்டாளி நிப்றாஸிடம் சொல்லி, அந்த ப்ரொசெசரையும் அந்த போர்டையும் எடுப்பித்தான். தன் அறையில் பொருத்தி, செட்டிங்கை மாற்றி, பெட்டியை எழுப்பினான். திரையில் நாலு என்று வந்தது. ஷிப்லி எழும்பி இரண்டு ரக்அத் தொழுதான் என்றால் பாருங்களேன்.

படித்த இடமெல்லாம் ஒரே புத்திமதிதான் எழுதியிருந்தது: திறந்த கோரை நம்பாதே, ஒரு முழு இரவு பகல் முழு வேலை கொடுத்து ஓடவிட்டுப் பார். ஓடவிட்டான். பாதியில் கரண்ட் போனது. திரும்ப முதலில் இருந்து தொடங்கவேண்டும். ஆனால் றுஸ்தாவுக்கு அடுத்த நாள் பெரிய கலியாணம், "எப்ப கொண்டாறீங்க?" என்று இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டாள். ரைஸ் குக்கருக்குக் காட்டின பொறுமையை அன்றைக்கு அவன் காட்டவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்ற அவதி. கொண்டுபோய்க் கொடுத்தான்.

"நாலு கோரா?" என்று கேட்டாள். படம் வெட்டுகிறவள், அவளுக்கும் கொஞ்சம் தெரியும்.

"ஓம், நாலு."

அந்த ஒரு சொல்லைத்தான் அவனால் பிறகு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மூன்றாம் கிழமை அவள் கோல் எடுத்தாள். பாதி வேலையில் திரை நீலமாகி நின்றுவிட்டதாம். ஷிப்லிக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது: திறந்த அறையில் கூரை ஒழுகுகிறது. போய் அந்தச் செட்டிங்கைப் பழையபடி மாற்றினால் முடிந்தது. ஆனால் மாற்றினால் இரண்டாகிவிடும். கலியாணத்துக்கு முதல் கொடுத்த ஒரே ஒரு பொருள், அதிலும் பாதியைத் திரும்ப எடுத்த மாதிரி.

"தூசியாயிருக்கும். உள்ளுக்கு நல்லாத் துடைங்க" என்றான்.

துடைத்தாள். பிறகு ஒரு நாள் திரும்ப நீலம். "சூடு. பக்கத்து மூடியைக் கழட்டிட்டு ஃபேனை வைங்க" என்றான். அந்த வீட்டில் இருந்தது ஒரேயொரு மேசை ஃபேன். அது பெட்டிக்குப் போனது. அவனும் சும்மா இருக்கவில்லை. இரவும் பகலும் வாசித்தான், வேறு ஏதாவது வழியில் அந்த இரண்டு கோரையும் சுகப்படுத்த ஏலுமா என்று. வாசித்துக்கொண்டே இருந்தான். அதற்கிடையில் றிபாவின் கலியாணம் அந்தப் பெட்டிக்குள்ளே போய், அந்த ஒழுகலில் நனைந்தது.

சரி, இப்போது சண்டைக்கு வருவோம்.

"திரை போடுவம்" என்றார் முனவ்வறா. இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். "ஏன் அப்பிடிப் பாக்கிற? காவின் எழுதக்குள்ள பொண்ணு ஒரு பக்கம், மாப்புள ஒரு பக்கம் இருந்து ஓம் சொல்றல்லியா? அதுபோல இரிங்க. மகன் இஞ்சால இருந்து சொல்லட்டும். நீ அங்கால இருந்து அமத்து."

ஹோலுக்கு நடுவே கயிறு கட்டி, பூப்போட்ட பெட்ஷீட்டை விரித்துத் தொங்கவிட்டார்கள். அந்தப் பக்கம் பெட்டியும் றுஸ்தாவும். இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்ட்டிக் கதிரையில் ஷிப்லி, மடியில் ஒரு கிளாஸ் தேத்தண்ணி. முனவ்வறா திரையின் ஓரத்தில், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி, நடுவர் கணக்காகக் கட்டிலில் குந்திக்கொண்டார்.

டிஸ்க்கைத் தொட முதல் அந்த இரண்டு கோரையும் அணைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மீட்கிற வேலையும் பிசகும். ஷிப்லிக்கு அந்த செட்டிங் இருக்கிற இடம் கண்ணை மூடினாலும் தெரியும். அவள் விளங்காமலே அமத்தி முடித்துவிடுவாள் என்று ஒரு சின்ன நப்பாசை.

"எழும்பின கையோட டிலீட் பட்டனை அமத்துங்க. நீலமா ஒரு பக்கம் வரும். ரெண்டாவது தலைப்பு. கீழ்ப் பக்க அம்பை நாலு தரம் அமத்தி, எண்டர்."

"அமத்திட்டன். 'சி பி யூ கோர் அன்லொக்.' அதுக்கு நேர 'எனேபிள்ட்' எண்டு கிடக்கு. இதா?"

"வாசிக்கத் தேவையில்ல. டிசேபிள்ட் எண்டு மாத்துங்க."

"நான் பாக்கிறதை நீங்க பாக்க ஏலாதே, வாசிச்சாத்தானே பிழையில்லாமச் செய்யலாம். அன்லொக் எண்டா என்ன?"

"அது ஒரு செட்டிங்."

பட்டன் சத்தம். பெட்டி அணைந்து திரும்ப எழும்புகிற சத்தம். பிறகு றுஸ்தாவின் குரல், வாசிக்கிற குரலாகவே:

"முன்ன நாலெண்டு வாற இடத்தில இப்ப ரெண்டெண்டு வருது."

ஷிப்லி கிளாஸைக் கீழே வைத்தான்.

"ரெண்டா?" என்று கேட்டாள்.

"என்னகா ரெண்டு?" என்றார் முனவ்வறா.

நூறு பக்கம் வாசித்தவனுக்கு இந்த இடத்தில் என்ன சொல்லவேண்டும் என்று ஒருத்தனும் எழுதி வைக்கவில்லை.

"வாங்கக்குள்ள ரெண்டுதான்" என்றான். "மத்த ரெண்டும் உள்ளுக்கு நித்திரையில இருந்த. நான் எழுப்பினன். உங்களுக்கு நாலாத் தரணுமெண்டு..."

"அது ரெண்டும் சரியில்லையா?"

"சரியில்ல."

"முதல் தரம் நீலமாகக்குள்ள உங்களுக்கு அது தெரியுமா?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் எழும்பியது. பெட்ஷீட்டின் பூவைப் பார்த்துக்கொண்டே, "ஓம்" என்றான்.

"தூசி எண்டு சொன்னீங்க."

"ஓம்."

"நான் சுபஹு தொழுதுட்டு ஒவ்வொரு நாளும் துணி எடுத்துத் துடைச்சன். சூடெண்டு சொன்னீங்க. ஃபேனைத் தூக்கி வெச்சன். உம்மா ரெண்டு மாசமா வேர்வையில கிடக்கிறா."

"அதெல்லாம் பரவாயில்ல கா" என்றார் முனவ்வறா அவசரமாக. "எனக்கு ஃபேன் காத்து ஒத்துக்காது. தலை இடிக்கும். நீ வேலையைப் பாரு."

அந்தப் பொய்தான் ஷிப்லியைக் கொன்றது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

திரைக்கு அப்பால் இருந்து றுஸ்தா சொன்னாள், சத்தம் போடாமல்: "ரெண்டெண்டு சொல்லித் தந்திருந்தா ரெண்டோட வேலை செஞ்சிருப்பன். கொஞ்சம் சுணங்கியிருக்கும். அவ்வளவுதானே." பிறகு, "அடுத்ததா என்ன அமத்தணும்? சொல்லுங்க" என்றாள்.

சொன்னான். கறுப்பு ஸ்க்ரீனில் ஒவ்வொரு எழுத்தாக அவள் அடித்தாள், வருகிற பதிலை வாசித்தாள், அவன் அடுத்ததைச் சொன்னான். மஃரிபுக்கு எழும்பித் தொழுதுவிட்டு வந்து திரும்ப உட்கார்ந்தார்கள். இடையில் ஒரு தரமாவது அவள் "ஷிப்லி" என்று சொல்லிவிடமாட்டாளா என்று அவன் காத்திருந்தான். "சொல்லுங்க" என்ற ஒரே சொல்தான் வந்தது.

கடைசியில் சில கோப்புகள் திரும்பி வந்தன. ஒன்றைத் திறந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் அவனுக்குச் சத்தம் கேட்டது: நாற்பது ஐம்பது பொண்டுகள் ஒரே மூச்சில் போடுகிற குரவை, ஒரு சிரிப்பு, கண்ணாடி வளையல். அதற்குப் பிறகு இளைத்துப்போன ஒரு மனுசியின் குரல், "றிபா, முகத்தை நிமித்து மகள், நான் பாக்கட்டும்." அதோடு கறகறவென்று அறுந்தது.

"முகம் தெரியுதா?" என்றான் ஷிப்லி.

"இல்ல. பச்சையாத்தான் ஓடுது. சத்தம் மட்டும்தான்."

அவள் அதைத் திரும்பப் போட்டாள். திரும்ப அறுந்தது. அப்போதுதான் அழுதாள். ஷிப்லி கதிரையில் இருந்து எழும்பிவிட்டான்; ஆனால் திரை திரைதான். முனவ்வறா கையைக் காட்டினார், இரு என்று. இருந்தான்.

அடுத்த நாள் றுஸ்தா அந்தச் சத்தத்தை மட்டும் டீவீடியாக்கிக்கொண்டு சரீப் ஹாஜியார் வீட்டுக்குத் தனியே போனாள். என் பக்கத்துப் பிழை என்றாளே தவிர ஷிப்லியின் பெயரை எடுக்கவில்லை. றிபா அந்த ஒரு வரியைப் பத்துப் பன்னிரண்டு தரம் கேட்டுவிட்டு, ஒன்றும் கதைக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாளாம். அந்த வீட்டுச் சாச்சிமார்தான் கதைத்தார்கள். கெமராவைத் தூக்கத் தெரிந்தால் போதுமா, அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள், பொம்புளைப்பிள்ளை பொறுப்பில்லாமல் அழித்துவிட்டாள், மௌத்தான மனுசியின் ஒரே படம். கதை நற்பிட்டிமுனை வரைக்கும் போனது. நம்ம ஒழுங்கையும் அதற்குத் தன்னாலான உதவியைச் செய்தது. அந்த நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நடந்த கலியாணங்களில் ஒன்றுக்கும் றுஸ்தாவைக் கூப்பிடவில்லை. புது வீட்டுச் சுவர் ஜன்னல் மட்டத்தோடு நின்றது.

ஷிப்லிக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளி வாசலிலேயே சரீப் ஹாஜியாரைப் பிடித்து, நாலு பேர் கேட்க, எல்லாவற்றையும் சொன்னான். பிழை றுஸ்தாவுடையது இல்லை, நான் கொடுத்த பெட்டியுடையது. கெட்டுப்போன கோரை நான்தான் திறந்துவிட்டேன், தெரிந்துகொண்டே மறைத்தேன், என்றான்.

ஹாஜியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவன் தோளைத் தட்டினார்.

"கட்டப்போற புள்ளைட பழியை உன்ட தலையில போட்டுக்கிறாய். நல்ல மனசுடா வாப்பா."

"இல்ல ஹாஜியார், உண்மையாத்தான். நான் வாங்கின ப்ரொசெசர்..."

"நீ வாங்கின சாமான் பிழைக்குமா?" என்று பக்கத்தில் நின்ற ஒருத்தர் சிரித்தார். "நாலு மாசம் ஆராய்ஞ்சு வாங்கினவன். ஷிப்லி தெரிஞ்செடுத்த ஃப்ரிஜ் என்ட வீட்டில இன்னம் ஓடுது."

"நம்ம மில்லுக்கும் ஒரு கம்ப்யூட்டர் எடுக்கணும்" என்றார் ஹாஜியார். "நீயே பாத்து எடுத்துத் தா."

ஒருத்தர்கூட நம்பவில்லை. அவன் பெயர் ஒரு படி ஏறினது. அவளுடையது இருந்த இடத்திலேயே கிடந்தது.

அன்று அஸருக்கே அவன் மருதமுனைக்குப் போனான். வாசலில் றுஸ்தா சொல்லி அனுப்பி வந்த நிப்றாஸின் லொறி நின்றது. பெட்டி ஏற்கெனவே அதில் ஏற்றி, உருளாமல் சாக்கு வைத்து அணைத்திருந்தது. டிஸ்க்கை மட்டும் றுஸ்தா கழற்றி வைத்துக்கொண்டாள். கூட்டாளியின் முகத்தைப் பார்க்க ஏலாமல் நிப்றாஸ் டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"நான் பள்ளியில எல்லாருக்கும் சொல்லிட்டன்" என்றான் ஷிப்லி.

"கேள்விப்பட்டன். ஆரும் நம்பினாங்களா?"

"இல்ல."

"இல்லத்தானே." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கோபத்தில இதை அனுப்பல்ல. ரெண்டு கோரோட இப்ப நல்லா ஓடுது, ஒரு குறையுமில்ல. ஆனா நான் யோசிச்சுப் பாத்தன். நாளைக்கு நமக்கொரு புள்ள பொறந்து அதுக்குக் காய்ச்சலெண்டு வெச்சுக்கங்க. ஒண்டுமில்ல, சூடு எண்டு நீங்க சொல்லுவீங்க. உண்மையாவே சூடாத்தான் இருக்கும். ஆனா எனக்கு நித்திரை வராது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால போய்த் தட்டித் தட்டிப் பாக்கணும். என்னால அது ஏலாது."

"இனி ஒரு காலமும் மறைக்க மாட்டன் றுஸ்தா."

"மறைக்க மாட்டீங்கதான். நம்புறதுக்குத்தான் எனக்கு ஏலாமப் போச்சு. உங்களில விருப்பமில்லாம இல்ல." அதைச் சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது. "விருப்பமில்லாட்டி இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டன்."

முனவ்வறா உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. ஷிப்லி லொறியின் முன் இருக்கையில் ஏறினான். பாண்டிருப்பு தாண்டும் வரைக்கும் அவன் கேவிக் கேவி அழுததாகவும், தான் பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினதாகவும் நிப்றாஸ் பிறகு சொன்னான். அவன் சொன்னது ஒருத்தரிடம்தான். நாங்கள் அதைப் பத்துப் பேரிடம் கேட்டோம்.

ஷிப்லி வீட்டார் அடுத்த வருஷமே அவனுக்கு அக்கரைப்பற்றில் பேசி முடித்தார்கள். நெல்லுக்கடைக்காரரின் மகள், மேல்மாடி வீடு. மாப்பிள்ளை போய்க் குடியேறினான். இரண்டு ஆண் பிள்ளைகள். பொஞ்சாதி நல்லவள், அவன்தான் கதை குறைவு என்று கேள்வி. நிப்றாஸ் இறக்காமத்தில் கட்டினான். றிபா கட்டாரில் இருக்கிறாள். பெண் பிள்ளை பிறந்து உம்மாவின் பெயரையே வைத்திருக்கிறாள்.

றுஸ்தா மூன்று வருஷம் அபாயா தைத்தாள். அரைச் சுவரோடு நின்ற வீட்டுக்கு மாப்பிள்ளை பேசி வந்தவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் வரிப்பத்தான்சேனையில் இருந்து ஒருத்தர் கேட்டு வந்தார். பொஞ்சாதி மௌத்தானவர், ஒரு சின்னப் பெண் பிள்ளை, வயல்காரர். வயலை விட்டு அவரால் வர ஏலாது. நம்ம பக்கத்தில் மாப்பிள்ளைதான் வருவான், பொண்ணு போகிற வழக்கமில்லை. றுஸ்தா போனாள். உம்மாவையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பெட்டி உடுப்போடு, தையல் மெஷினை ஓட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு போனாள். அங்கே அவளுக்கும் ஒரு மகன் பிறந்திருக்கிறான்.

வரிப்பத்தான்சேனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. சாமான் வாங்க அந்த ஊர்க்காரர் அக்கரைப்பற்றுச் சந்தைக்குத்தான் வருவார்கள். இரண்டு பேரும் எங்கேயாவது கண்டு கதைத்ததாக இத்தனை வருஷத்தில் ஒரு சொல்லும் நம்ம ஒழுங்கைக்கு வரவில்லை. கண்டிருக்க மாட்டார்கள்.